கொடியில் காயும் பச்சைப் புடவை

பள்ளிப்பட்டு
28-1-1975

சிரஞ்சீவி சேகருக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நீ அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, பள்ளிக்கூடத்து வேலைக்கு நடந்தே போய் வருகிறேன், முழங்கால் வலிகூட இந்தப் பனியிலும் அடங்கித்தான் இருக்கிறது. மனசுதான் அடங்கவில்லை. பொங்கலுக்கு நீ அனுப்பிய கடிதம் வந்தது. பிலாயில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்று எழுதியிருக்கிறாய், காதை மூடாமல் இரும்பாலைப் பக்கமிருந்து சைக்கிளில் வராதே, சின்ன வயதில் உனக்குக் காதில் சீழ் வைத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நெல் அறுத்தாகிவிட்டது. சித்தப்பா பூவராகவன் நம் பங்கைக் கொண்டுவந்து குதிரில் கொட்டிவிட்டுப் போனார். அவர் மகள் சந்திரகலாவுக்கு செவ்வாப்பேட்டையில் ஒரு இடம் ஏறக்குறைய முடிந்திருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் பெரியப்பாவான உன் நைனாவுக்கு ஒரு காரியமும் செய்யாமல் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறதே, அதை முடித்த பிறகுதான் தட்டு மாற்றுவோம் என்கிறார்களாம். அதனால்தான் சித்தப்பா உனக்குத் தந்தி அடித்தார். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, அதற்கும் வராவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கொள்ளி வைப்பது நம் வழக்கம். ஐப்பசியோடு உன் நைனாவுக்கு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. வருகிற தை அமாவாசைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததை எழுதத்தான் உட்கார்ந்தேன், மூன்று நாளாக எழுதிக் கிழித்துப் போட்டு இன்றைக்குத்தான் கை வந்தது. கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. திருவள்ளூரில் டிராயிங் மாஸ்டராக இருக்கும் ஜோசப், உன் நைனாவோடு சென்னையில் ஒன்றாகச் சித்திரம் படித்தவர், உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் ஊர் ஊராக அலைந்து நைனா வரைந்த படங்களைச் சேர்த்து, பேப்பரில் விளம்பரம்கூடக் கொடுத்து, பொங்கல் கழிந்து சென்னையில் ஒரு சித்திரக் காலரியில் பார்வைக்கு வைத்தார். என்னையும் ரயிலில் அழைத்துக்கொண்டு போனார். பெரிய மண்டபம், வெள்ளைச் சுவர், செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது போல எல்லோரும் மெல்ல நடக்கிறார்கள். சுவர் முழுக்க நம் பள்ளத்தாக்கு. காலை வெயிலில் ஒன்று, மழைக்கு முன்னால் ஒன்று, கரும்பு வெட்டிய பிறகு ஒன்று. இந்த மனிதர் நம்மோடு இருந்தபோது இதே காலரி வாசலில் சுருட்டிய படத்தோடு மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர். இப்போது கண்ணாடி போட்ட அம்மாமார்கள் படத்தருகே குனிந்து, இந்த இடம் நிஜமாகவே இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறார்கள். இருக்கிறது, அங்கேதான் எருமுட்டை தட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

கடைசிச் சுவரில் மூன்று படங்கள். நகரியில் கண்ணாடிச் சட்டம் போடும் அப்பாவு என்பவர் விளம்பரத்தைப் பார்த்து இரவல் கொடுத்தவை. கீழே சீட்டில் வருஷம் எழுதவில்லை. நடுவில் இருந்ததைப் பார்த்தேன். மலைமேலிருந்து பார்த்த மாதிரி நம் ஊர், ஓரமாக நம் வீடு. சேகர், அந்த வீட்டுக்கு அவர் காலத்து ஓலைக் கூரை இல்லை. நீ எழுபத்திரண்டில் பணம் அனுப்பி நான் போட்ட சிமெண்ட் ஷீட் இருந்தது, சாம்பல் நிறத்தில், வரி வரியாக. நான் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். வாசலில் கொடிக்கயிறு, அதில் விரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை, அரக்குக் கரை. முந்தின தீபாவளிக்கு நீ அங்கிருந்து அனுப்பிய புடவை, இந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. கொடிக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பொம்பிளை, முதுகுதான் தெரிகிறது. தலையில் எள்ளளவு வெள்ளை வைத்திருந்தார். அவர் போகும்போது எனக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

ஜோசப் பக்கத்தில் நின்று, பழைய படங்களை விட இதில் கை நன்றாக ஓடியிருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தார். அவர் நம் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, அவருக்குக் கூரையும் தெரியாது புடவையும் தெரியாது. உன் நைனா ஒரு நாளும் மனசிலிருந்து எடுத்து வரைந்ததில்லை. கண்ணால் கண்டால்தான் வைப்பார். படத்தில் உட்கார்ந்திருந்த கொக்கு பறந்துபோனால் அதையும் தேய்த்து அழிப்பவன் என்று ஜோசப்பே கேலி செய்வார். நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த சனிக்கிழமை ரவிக்கைத் துணி வாங்குகிறேன் என்று நகரிக்கு பஸ் ஏறினேன். அப்பாவு வெள்ளை மனசுக்காரர், ஒளிக்கத் தெரியவில்லை. நாலைந்து வருஷமா தை மாசத்துல ஒரு பெரியவர் வராரும்மா, தாடி வச்சிக்கினு இருப்பாரு, படத்தைக் குடுத்துட்டு டப்பு இன்னாத்துக்கு, கலரும் பேப்பரும் குடு போதும்னுவாரு, பேரு கேட்டா சிரிச்சிக்கினு போயிடுவாரு என்றார். இந்த வருஷம் வந்தாரா என்று கேட்டேன். போன வாரம்தான் வந்து பேப்பர் வாங்கிக்கினு போனாரு என்றார். நான் ரவிக்கைத் துணி வாங்காமலே திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். அவர் எப்போதும் உட்காரும் தட்டைப்பாறை உனக்குத் தெரியும், அவரைத் தேடியபோது செருப்பு மட்டும் கிடந்த இடம். ஆள் இல்லை. பாறை விளிம்பில் தூரிகையைத் துடைத்த பச்சை இருந்தது, விரலை நனைத்துத் தேய்த்தேன், கையோடு வந்தது. அங்கேயே உட்கார்ந்து கீழே பார்த்தேன். நம் வாசல், கிணறு, நான் காலையில் உலர்த்திவிட்டு வந்த துணி எல்லாம் தெரிகிறது. நான் பல் தேய்ப்பது தெரிந்திருக்கும். உன்னைப் பிலாய்க்கு வழியனுப்பிவிட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து அழுததுகூட, அன்றைக்கு இவர் இங்கே இருந்திருந்தால், தெரிந்திருக்கும். அன்றிலிருந்து வாசலுக்கு வந்தால் முதுகு கூசுகிறது. தலை வாரக்கூட உள்ளே போய்விடுகிறேன். உயிரோடு இருக்கிறாரே என்று ஒரு நிமிஷம் சந்தோஷம், அடுத்த நிமிஷம் கல்லெடுத்து எறியலாம் போல ஆத்திரம்.

ஒன்றை உன்னிடம் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. அவர் காணாமல் போன ஐப்பசியில் விடாமல் மழை. நீ எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாய், கூரை ஒழுகி உன் புத்தகமெல்லாம் நனைகிறது. அவர் சென்னைக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்த பெரிய படம் சுருட்டி மூலையில் கிடந்தது. எண்ணெய்ச் சாயம் பூசிய துணி, தண்ணீர் இறங்காது என்று நினைத்து அதை விரித்துக் கூரைக்கு உள்ளே செருகிவிட்டேன். ஒழுகல் நின்றது. மத்தியானம் வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் திட்டுவார் என்று காத்திருந்தேன். புள்ள புத்தகம் நனையலையே, அது போதும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார், மோர் கேட்டார். மறுநாள் காலையில் மலைக்குப் போனவர்தான். சண்டை போட்டிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, நான் பார்க்கவே இல்லை, பின்பக்கம் திருப்பித்தான் செருகினேன். தப்பு என்னுடையது. ஆனால் ஒரு தப்புக்குப் பன்னிரண்டு வருஷமா, சேகர்?

சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் ஊரே தடியோடு மலை ஏறும், அவரைப் பிடித்து இழுத்து வருவார்கள். இழுத்து வந்தவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். சந்திரகலா பாவம், அவள் கல்யாணமும் என்னால் நிற்கக்கூடாது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். லீவு போட்டு நீ வா. உயிரோடு இருக்கும் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பதா என்று உனக்குப் பதறும், எனக்கும் பதறுகிறது. பாவம் என்றால் அது என் தலையில் வரட்டும். ஆற்றங்கரையில் காரியம் செய்யும் இடம் தட்டைப்பாறையிலிருந்து நன்றாகத் தெரிகிறது, சங்கு ஊதினால் அங்கே கேட்கும். மகன் மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் நிற்பதையும் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு, அதையும் அவரால் உட்கார்ந்து வரைய முடியுமானால் வரையட்டும்.

கையில் ஒரு கம்பளி எடுத்து வா, காலைப் பனி இங்கேயும் விடவில்லை. நாக்பூரில் வண்டி மாறும்போது பெட்டியை விட்டுவிட்டு டீ குடிக்க இறங்காதே. வடபழனி முருகன் உன் கூடவே இருக்கட்டும், நூறு வயது நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. புரோகிதர் கையில் நெருப்பைக் கொடுத்ததும் உடனே வைத்துவிடாதே. யார் அவசரப்படுத்தினாலும் மலையைப் பார்த்துக்கொண்டு நில். பாறையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கி வர என் முழங்காலுக்கு முக்கால் மணி ஆயிற்று. அவருக்கும் ஐம்பத்தைந்து ஆகிறது, முக்கால் மணியே வைத்துக்கொள். அதற்கு மேல் ஒரு நிமிஷம் வேண்டாம், வைத்துவிடு, நானும் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
முத்தம்மாள்