அம்மா பேரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி

சேசு மரி சூசை துணை

மேனாம்பேடு, அம்பத்தூர்
17-7-1994, ஞாயிறு

அன்பு மகள் அருள்செல்விக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் ஞானகுமாரியும் பிள்ளைகளும் மாதாவின் தயவில் சௌக்கியமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் டியூட்டிக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். உன்னுடைய இரண்டு கடிதமும் வந்தது. இரண்டிலும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறாய், கோயிலில் அம்மா பேர் போட்டு மாட்டியிருக்கும் ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி எத்தனை நாளாகிறது, ஏன் அனுப்பவில்லை என்று. போட்டோ எடுக்காமல் இல்லை அம்மா. உன் அண்ணன் எடுத்துக் கழுவி வாங்கி வந்து ஒரு மாசமாக பீரோவில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டி விஷயத்தில் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதைச் சொல்லாமல் போட்டோவை மட்டும் அனுப்ப மனசு வரவில்லை, சொல்லவும் தைரியம் வரவில்லை, அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், டியூட்டி முடிந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே, ஏற்கெனவே கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய்.

நீ விமானம் ஏறும்போது புதுக் கோயிலுக்குச் சுவர் மட்டும்தான் எழும்பியிருந்தது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கோயில் சின்னது, சாமியார் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் வாசல் வரை கேட்கும், திருவிழாவுக்கு மட்டும் துலுக்கானத்தின் மைக் செட்டை வாடகைக்கு எடுப்போம், அதோடு முடிந்தது. புதுக் கோயில் அப்படியா, உயரமான கான்கிரீட் கூரை, கீழே மொசைக், பக்கத்துக்கு ஏழு தூண், ஒருத்தர் தும்மினால் அந்தத் தும்மல் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகிறது. மைக் இல்லாமல் முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள், பாக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கிறார் என்று அதையும் பங்குப் பேரவைச் செயலாளரான என் தலையில் கட்டினார்கள். நானும் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்தேன். நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மைக் இரண்டு, நீளப் பெட்டி நாலு, ஒயர், கூலி எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. பேரவையில் அந்தத் தொகையைச் சொன்னதும் ஒருத்தராவது என் முகத்தைப் பார்க்கவேண்டுமே, எல்லாரும் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரை போட்ட கடனே அப்போது அடையவில்லை.

அப்போதுதான் ஆவடி குவார்ட்டர்ஸில் நமக்கு எதிர்வீட்டில் இருந்தாரே, அந்த இக்னேஷியஸ் எழுந்து, பெட்டிக்குப் பெட்டி உபயம் என்று பேர் எழுதிக் கொடுத்தால் பணம் தானாக வரும் என்றார். நம் ஜனத்தைப் பற்றி உனக்குத் தெரியுமே, டியூப்லைட்டில் வெளிச்சம் வர இடம் விடாமல் பேர் எழுதி மாட்டுகிறவர்கள். ஒரே மாசத்தில் பதினாலு குடும்பம் பணத்தோடு வந்தது. நாலு பெட்டி போதும் என்று கடைக்காரர் சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன், யார் கேட்கிறார்கள், ஒருத்தர் பேரை எழுதி இன்னொருத்தரை விட்டால் சண்டை வரும் என்று தூணுக்கு ஒன்றாகப் பதினாலையும் மாட்ட முடிவாயிற்று. ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் உபயதாரர் கிடைக்கவில்லை. அது சாமியார் உடுப்பு மாட்டும் அறையில் பீரோவுக்குள் இருக்கும், அதில் பேர் எழுதினால் யார் படிப்பார்கள். கடைசியில் மிச்சம் இருந்த பணத்துக்கு செகண்ட்ஹேண்டில் ஒன்று வாங்கினோம். எலக்ட்ரீஷியன் உத்தமன் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தான், அவன் எதற்குப் பெட்டி அதிகம் என்று சொல்லப்போகிறான். நீயும் முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பியிருந்தாய். பழைய கோயில் இருந்த அதே மனைதான் என்பதால் அம்மா எப்போதும் உட்காரும் இடத்துக்கு நேரே வரும் ஐந்தாவது தூணைக் கேட்டு வாங்கி, அமரர் ஜெயசீலி நினைவாக மகள் அருள்செல்வி, மஸ்கட் என்று எழுதச் சொன்னேன். பெயிண்டர் மஸ்கட்டை மட்டும் பெரிதாக எழுதிவிட்டான், அதற்கு இக்னேஷியஸ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தப் பதினாலும் மாட்டி முதல் பூசை நடந்த அன்றைக்கு ஆரம்பித்தது என் தலைவலி. சாமியார் ஒரு வார்த்தை சொன்னால் பதினாலு பேர் ஆளுக்கொரு நேரத்தில் அதைச் சொன்ன மாதிரி இருந்தது. பிரசங்கம் என்று ஒன்று நடக்கிறது என்பது தெரியும், என்ன சொல்கிறார் என்பது தெரியாது. மைக்கைக் கிட்டே கொண்டுபோனால் கூவும், தள்ளிப் பிடித்தால் முனகும். சாயங்காலப் பூசை நேரத்தில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எல்லா மெஷினும் ஓடி வோல்டேஜ் இறங்கிவிடும், ஆம்ப்ளிஃபயர் உர்ரென்று உறுமிவிட்டு அணைந்துவிடும். ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகும் என்றார்கள், வாங்கினோம். மைக்கை மாற்று என்றார்கள், மாற்றினோம். பின்சுவரில் கனமான திரைத்துணி தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும் என்றார்கள், தொங்கவிட்டோம், கொசுதான் அதில் குடியேறியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காணிக்கை பிரித்து, கேட்டுக் கேட்டு என் வாய் கூசிப்போயிற்று. வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று பூசை பார்க்கிறவர்கள் கூட்டம் வாரத்துக்கு வாரம் கூடியது, கேட்டால் உள்ளே ஒன்றும் புரியவில்லை சார், இங்கேயாவது காற்று வருகிறது என்பார்கள். தெருவில் காய் வாங்கப் போனாலும் மைக் எப்போது சரியாகும் என்றுதான் என்னைக் கேட்டார்கள். இந்தப் பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன், சாமியார் வாங்கவில்லை.

இந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பின்பக்கம் போகும் ஒயரை எலி கடித்துவிட்டது. முன்னால் இருந்த நாலு பெட்டி மட்டும்தான் பேசியது, அம்மா பெட்டியோடு சேர்த்துப் பின்னால் இருந்த பத்தும் ஊமையாகிவிட்டது. அன்றைக்குத்தான் செல்வி, கோயில் கட்டியதிலிருந்து முதல் தடவையாகப் பிரசங்கத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை கேட்டேன். அந்த வாரமே உத்தமன் ஒயரை ஒட்டுப்போட்டு எல்லாம் ஓகே சார் என்றான், அடுத்த ஞாயிறு பழையபடி இரைச்சல். பேரவையில் இதைச் சொல்லி, பின்னால் இருக்கும் பத்தையும் கழற்றிவிடலாம் என்றேன். செத்துப்போன அப்பா பேரைக் கழற்றுவதா என்று ஒருத்தர், நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று ஒருத்தர். இக்னேஷியஸ் பெட்டி கடைசித் தூணில் இருக்கிறது, அவர்தான் எல்லாருக்கும் மேலே போய், செயலாளர் ஊட்டுப் பொட்டிய மொதல்ல கழட்டட்டும், அப்பால பேசலாம் என்றார். கழற்றிவிடுகிறேன் என்று அங்கேயே சொல்லியிருக்கவேண்டும், ஆனால் வெயிலில் ஆஸ்பத்திரிக்கும் ரூமுக்கும் நீ நடந்து நடந்து சம்பாதித்து அனுப்பிய காசு, அதில் அம்மா பேர், என் நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து ஞானகுமாரி வைத்த சாப்பாட்டைத் தொடாமல் படுத்துவிட்டேன்.

உத்தமன்தான் மறுநாள் வந்து ஒரு வழி சொன்னான். பொட்டி எல்லாம் அது அது இடத்துலயே இர்க்கட்டும் சார், பின்னால ஒயர மட்டும் வெட்டி உள்ள சொருகிட்டா யாருக்குத் தெரியப்போவுது என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. கோயிலுக்குள் நின்று செய்கிற வேலையா இது. ஆனால் எனக்கும் அலுத்துவிட்டது அம்மா, வருஷக்கணக்காக எல்லாரிடமும் பேச்சு வாங்கி, சண்டை போடவும் சமாதானம் சொல்லவும் உடம்பில் தெம்பு இல்லை. சாமியாரிடம் போய்ச் சொன்னேன், நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை ஜோசப்ராஜ் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு நானும் உத்தமனும் வேலையை ஆரம்பித்தோம். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் ஐந்தாவது தூண் கிட்டே நின்று, அம்மா பொட்டிய மட்டும் உட்டுடவா சார், ஒண்ணு கூடப் பேசுனா இன்னா ஆயிடும் என்று கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான். மொதல்ல அதை வெட்டு, அப்புறம் மத்ததுக்குப் போ என்றேன். அவன் ஏறி வெட்டினான். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது அழாதவன் நான், அந்தக் கட்டிங் பிளேயர் சத்தத்துக்கு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். உத்தமன் பாவம், கீழே இறங்கி வராமல் மேலேயே எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலைப் பூசையில் ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று கேட்டது. வெளியே நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். பூசை முடிந்து வாசலில் இக்னேஷியஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னா சார், நம்ம பொட்டி எப்டி கணீர்னு பேசுது பாத்தீங்களா, இதைப் போயி கழட்டணும்னீங்களே என்றார். நான் தலையை ஆட்டினேன். இப்போது பத்துக் குடும்பமும் அவரவர் பெட்டிதான் எல்லாவற்றிலும் தெளிவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான், எனக்கு வரவில்லை. இரண்டு தடவை எல்லாரிடமும் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன், சாமியார் விட்டுவிடுங்கள், நிம்மதியாகப் பூசை கேட்கிறார்கள் என்று தடுத்துவிட்டார். அவர் சொன்னதற்காக நின்றேனா, சொல்லத் தெம்பில்லாமல் நின்றேனா, எனக்கே தெரியவில்லை. நம் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் தண்ணீர் லாரி, பூந்தமல்லியிலிருந்து உனக்கு வந்திருக்கும் வரன், பேரன் ஸ்கூல் ஃபீஸ் என்று எழுத எத்தனையோ இருக்கிறது, உன் அண்ணன் தனியாக எழுதுவான், எனக்கு இதை இறக்கி வைத்தால் போதும் என்றிருக்கிறது.

இன்றைக்கு அம்மாவின் மூன்றாம் வருஷப் பூசை. ஆரம்பத்தில் இன்னாருடைய ஆத்துமத்துக்காக என்று சாமியார் மைக்கில் வாசிப்பார் இல்லையா, போன வருஷம் பதினாலு பெட்டியும் சேர்ந்து இரைந்ததில் அம்மா பேரை வாசித்தாரா இல்லையா என்றே தெரியாமல் அப்புறம் உள்ளே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்றைக்குக் குடும்பமாக அந்த ஐந்தாவது தூண் கிட்டேதான் உட்கார்ந்திருந்தோம். ஜெயசீலி என்று சுத்தமாகக் கேட்டது. முன்னால் இருக்கும் யாரோ ஒருத்தர் பெட்டியிலிருந்து வந்து கேட்டது, உன் பெட்டி தலைக்கு மேலே சும்மா இருந்தது. ஞானகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தை பேரு எவ்ளோ தெளிவா வந்துச்சு பாருங்க மாமா, செல்வி குடுத்த பெட்டி நல்ல பெட்டி என்றாள். ஆமாம்மா என்றேன். அவளிடம் சொன்ன அதையே உனக்கும் எழுதிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். உன்னிடம் முடியவில்லை.

போட்டோ உள்ளே வைத்திருக்கிறேன், அம்மா பேர் நன்றாக விழுந்திருக்கிறது. கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே. இனிமேல் கோயிலுக்கென்று பணம் அனுப்பவேண்டாம், நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ஜெபமாலையை விடாதே. மாதா உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிராக இருக்கும் அப்பா,
ச. ஜோசப்ராஜ்