எட்டு மணி வால்ட்ஸ்

ஆகஸ்ட் 3, 1991, சனி

அண்டார்டிகாவிலிருந்து வாராந்தர வானொலி நேரலை ஒருவழியாக முடிந்தது. தள அதிகாரி உர்துபேயின் மாமியாருக்கு வாழ்த்து, நான்கு நிமிடம். பனி ஆய்வுக்கு ஒன்றரை. எழுதுவது, பாட்டுப் பொறுக்குவது, மைக் முன் உட்காருவது எல்லாம் நான். பெயர் அவருக்கு.

பதினேழாம் தேதி என் மகள் மலேனாவுக்குப் பதினைந்து நிறைகிறது. ஊரில், பரானாவில், மண்டபம் பிடித்தாயிற்று. எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பதினைந்து என்றால் கல்யாணம் மாதிரி; அப்பா முதல் குதிகால் செருப்பை மாட்டிவிட, பெண் நடனம் ஆடுவாள். அவள் வால்ட்ஸ் ஆடும் முன் மண்டபத்து ரேடியோவில் என் குரல் வரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்காக நடனத்தை எட்டு மணிக்கே வைத்திருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 14, புதன்

பெயர்தான் நேரலை. பேசப்போகும் ஒவ்வொரு சொல்லும் புதன்கிழமையே தாளில் அவர் மேசைக்குப் போக வேண்டும். என் வாழ்த்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"சொந்த விஷயமெல்லாம் வேண்டாம், நில்டா. இது அரசாங்க வானொலி."

"உங்க மாமியார் எந்த இலாகா, சார்?"

மாத்தே டீ உறிஞ்சிக்கொண்டிருந்த சமையல்காரர் பைகோர்ரியாவுக்குப் புரையேறியது. உர்துபே சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 16

சொல்லத்தான் போகிறேன். கப்பலேற்றி அனுப்பட்டும். டிசம்பர் வரை கப்பலே கிடையாது.

ஆகஸ்ட் 17, சனி

சொல்லிவிட்டேன். "மலேனா, அப்பா உனக்குக் குதிகால் செருப்பு மாட்டிவிடுறப்போ அழாதே, கண்மை கரைஞ்சிடும்." உர்துபே கண்ணாடிக்கு வெளியே நின்று நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 18

காலையில் ஒலிபரப்புக் கருவியைத் துடைக்கப் போனேன். நெம்புகோல் சோதனைப் பக்கமே கிடக்கிறது. இயந்திரத்தைச் சூடாக்கும்போது அந்தப் பக்கம் வைப்போம், அலை அறையோடு அடங்கிவிடும். பிறகு ஆண்டெனாப் பக்கம் தள்ள வேண்டும். ஏழு மாதமாகக் கை தானாகத் தள்ளியது. நேற்று தள்ள வேண்டிய நேரத்தில் அவர் வந்து முறைத்தார். பதிலுக்கு முறைப்பதில் மறந்துவிட்டேன். ஒரு சொல்கூட வெளியே போகவில்லை.

முட்டாள். வாயாடி முண்டம். பிள்ளை அத்தனை பேர் முன்னாடி ரேடியோகிட்டயே நின்னிருப்பாளே — எவ்வளவு நேரம் நின்னா?

இங்கே யாருக்கும் தெரியாது. அவர் கேட்டது நடைவழி ஒலிபெருக்கியில். அது மைக்கிலிருந்து நேரே போகும் தனிக் கம்பி.

ஆகஸ்ட் 20

மலேனாவின் தந்தி. நானேதான் வாங்கி எழுதினேன்.

"நீ பேசினதைக் கேட்டோம்மா. ரொம்பத் தெளிவா இருந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க."

மறுபடி அனுப்பச் சொல்லிச் சரிபார்த்தேன். அதே சொற்கள். ரேடியோவைப் போட்டிருந்தால், ஏன் பேசவில்லை என்றல்லவா கேட்டிருப்பாள்?

'சந்தோஷம் கண்ணே' என்று பதில் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

தாளை உர்துபே மேசையில் வைத்தேன். மாமியாருக்கு ஆறு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். அடிக்க ஒன்றுமே இல்லை என்றார்.