துடைப்பம் கேட்டு வாங்கிய தோட்டம்

இன்று காலை மாடிப்படி இறங்கும்போது டர்பன்டைன் வாசனை அடித்தது. என்னைக் கேட்காமலே என் கால்கள் வேகம் பிடித்தன. கீழே போய்ப் பார்த்தால், யாரோ ஒரு புது ஆள் தோட்டத்துக் கேட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். பிரஷ் இல்லை, பழந்துணியை டப்பாவில் தோய்த்துக் கம்பி கம்பியாகத் தேய்த்தான். நீர் பார்த்திருந்தால், "கேட்டுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுதானாவே?" என்று கேட்டிருப்பீர். அதைச் சொல்லிச் சிரிக்கத் திரும்பினேன். பக்கத்தில் பால் பூத் வரிசைதான் நின்றது. நீர் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது. என் மூக்குக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தத் தோட்டம் வெறும் நிலமாக இருந்தபோதுதான் உம்மைப் பார்த்தேன். டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். எங்கே என்று சொல்லவில்லை. பம்பாய் மாட்டுங்கா நடைபாதையில் அப்போதே பூ, வாழையிலை, தேங்காய், செருப்புத் தைப்பவர் எல்லாம் உண்டு, நடப்பதற்குத்தான் இடமில்லை. எங்கள் கட்டடத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே முக்கோணமாக ஒரு துண்டு நிலம் கிடந்தது. உடைந்த செங்கல், எருமைச் சாணம், ஒற்றைப் பூவரச மரம். மரத்தடியில், ரயில்வேக்காரர்கள் போட்டுவிட்டுப்போன ஒரு ஸ்லீப்பர் கட்டையில் நீர் உட்கார்ந்திருந்தீர்.

"இது யாரோட இடம் ஓய்?" என்று கேட்டேன். தமிழரா என்று யோசிக்கவே இல்லை. உம் மடியில் தமிழ்ப் பேப்பர் விரிந்திருந்தது.

"யாருதுன்னு தெரிஞ்சா நான் இங்ஙன இருக்க முடியுமாவே? எந்திரிக்கச் சொல்லிருப்பான்லா?" என்றீர்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு நம்பர் எழுதும் பெயின்டர் நீர். பாலம் ஏறி இறங்கினால் அந்தப் பக்கம் லேபர் கேம்ப். அங்கே ஓர் அறை. அதில் உம் குடும்பம், உம் அண்ணன் குடும்பம், நாசரேத்திலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் வேலை தேடி வந்து உம் தயவில் தங்கியிருந்த பையன்கள். "ஷிப்டு போட்டுத்தான்வே படுக்கோம்" என்று ஒருநாள் சொன்னீர். இன்னொரு நாள் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னீர்:

"இந்த பம்பாயில எங்ஙன போய் நின்னாலும் ஒருத்தன் 'ஹடோ'ங்கான். வீட்டுல சோறு வடிக்கணும், தள்ளுங்கா. ரயில்ல தள்ளுங்கான். கோயில் பெஞ்சுல பிரசங்கம் ஆரம்பிச்ச பொறவும் தள்ளுங்கான். தள்ளச் சொல்லாத எடம் எனக்கு இது ஒண்ணுதான்வே."

என் நிலைமை நேர் எதிர். என்னைத் தள்ளச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் முலுண்டில் பிளாட் வாங்கிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பான். ஞாயிற்றுக்கிழமைகள் தவறாமல் வந்தன. இடமில்லாத ஒருவரும் இடம் மிஞ்சிப்போன ஒருவரும் ஒரே கட்டையில் உட்காரப் பழகிக்கொண்டோம்.

பம்பாய் ராஜ்யம் மகாராஷ்டிரம், குஜராத் என்று பிரிந்த மறு வருஷம் அந்த நிலத்துக்கு ஆபத்து வந்தது. யாரோ ஒரு சேட் அங்கே சிமென்ட் கிடங்கு கட்டக் கேட்டிருக்கிறார் என்று சேதி. எங்கள் கட்டடத்து சேஷாத்ரி உடனே ஒரு சங்கம் தொடங்கினார். ரயில்வே ஆடிட்டில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். தலைவர் இல்லாத காரியம் எதுவும் நடக்காது என்று நம்புபவர், தாமே தலைவரானார். மனு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் படித்ததையெல்லாம் இறக்கிவைக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பாபிலோன் தோட்டங்களில் தொடங்கினேன். மரங்கள் நகரத்தின் நுரையீரல் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். சேஷாத்ரி அதை அடித்துவிட்டார். "நுரையீரல்னா டி.பி. ஞாபகம் வரும் ஓய். ஆபீசர் பயந்துடுவான்."

வார்டு ஆபீசுக்கு மூன்று பேர் போனோம். தலைவர், நான், கேம்ப் ஜனங்களின் பிரதிநிதியாக நீர். அதிகாரி இளைஞர். என் இங்கிலீஷ் மனுவை சாப்பிட்டு முடித்த தட்டைப்போல ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, இனிமேல் எதுவானாலும் மராட்டியில் சொல்லுங்கள் என்றார். பம்பாயில் கால் நூற்றாண்டு கழித்த தலைவருக்கும் எனக்கும் கத்திரிக்காய் வாங்குமளவு மராட்டி தெரியும். பாபிலோனுக்கு அது போதாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நீர் முன்னால் வந்து கைகூப்பினீர்.

"சாப், ஹம்கோ ஜாடு மாங்க்தா. பஹுத் ஜாடு மாங்க்தா."

மரம் வேண்டும், நிறைய வேண்டும் என்பதுதான் உம் எண்ணம். மரத்துக்கு இந்த ஊரில் ஜாட் என்று பெயர். நம் நாக்கோ எந்தச் சொல்லையும் மெய்யெழுத்தில் நிறுத்திவிட்டு வராது. கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டவைத்துத்தான் கீழே இறக்கும். பஸ், பஸ்ஸு ஆகும். கேட், கேட்டு ஆகும். அன்று உம் வாயில் ஜாட், ஜாடு ஆனது. ஜாடு என்றால் துடைப்பம்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எத்தனையோ பேர் தண்ணீர் கேட்டு வருகிறார்கள், விளக்கு கேட்டு வருகிறார்கள், துடைப்பம் கேட்டு வந்த ஜனங்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஹிந்தியில் சொல்லி, உம் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சொன்ன ஜாடுவும் எங்கள் காதில் மரமாகவே விழுந்தது. எங்கள் மரப்பற்று அவரை உருக்கிவிட்டது என்று எண்ணி நாங்களும் நெகிழ்ந்தோம். படியிறங்கும்போது சேஷாத்ரி, "எல்லாம் அந்த டிராஃப்ட் பண்ணின வேலை ஓய்" என்று என் தோளைத் தட்டினார்.

அடுத்த வாரம் ஒரு கைவண்டி நிறையத் துடைப்பங்கள் வந்து இறங்கின. கூடவே, அவற்றைக் காபந்து செய்ய ஒரு முனிசிபல் மேஸ்திரி. சேஷாத்ரி கொதித்துப்போனார். "இது நம்மளை இன்சல்ட் பண்ற காரியம்! பெருக்கறவாள்னு நினைச்சுட்டானா? ஒரு ப்ரொட்டெஸ்ட் எழுதித் திருப்பி அனுப்பும்."

"வந்ததை எதுக்குத் திருப்பணும் சாமி?" என்றீர் நீர். "நம்மகிட்ட குப்பை இல்லியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கேம்பிலிருந்து உம் ஆட்கள் பாலம் இறங்கி வந்தார்கள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்புஜம் மாமி பொறுக்க முடியாமல் கீழே வந்தார். அவர் தர்மத்துக்காக வரவில்லை. நீர் எதிர்க்காற்றில் பெருக்குகிறீர் என்று சொல்ல வந்தார். "ஏன்யா, அந்தண்டைலேருந்து பெருக்கப்படாதோ? எல்லாம் மறுபடி இங்கேயே வரதே!" சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் ஒரு துடைப்பத்தை எடுத்தார். மாமி இறங்கிய பிறகு மற்ற வீடுகளும் இறங்கின. என் கையில் நீரே ஒரு துடைப்பத்தைத் திணித்தீர். நான் பெருக்கிய இடத்தை எனக்குத் தெரியாமல் மறுபடி பெருக்கினீர் என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகுதான் வேடிக்கை. சேட்டின் ஆட்கள் அளவுச் சங்கிலியோடு வந்தபோது, மேஸ்திரி குறுக்கே நின்றார். முனிசிபாலிட்டி துடைப்பம் பெருக்குகிற இடம் முனிசிபாலிட்டி இடம் என்பது அவர் சித்தாந்தம். பாபிலோன் சாதிக்காததை அது சாதித்தது. மேலே எழுதினார்கள், கீழே எழுதினார்கள். கடைசியில் அந்த இளம் அதிகாரியே நேரில் வந்தார். பளிச்சென்று கிடந்த தரையையும், வரிசையாகத் துடைப்பத்தோடு நின்ற மாமிகளையும் கேம்ப் ஜனங்களையும் பார்த்துவிட்டு, இங்கே தோட்டம்தான் வரவேண்டும் என்று அவராகவே சொன்னார். அதுவரை நாம் அதைக் கேட்டிருக்கவே இல்லை என்று அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

கன்றுகள் வந்தன. பாதாம், குல்மோஹர், கொன்றை. குழாயில் தண்ணீர்தான் வரவில்லை. அரிசி களைந்த தண்ணீரை வீட்டுக்கு வீடு வாங்கி ஊற்றுவது என்று நீர் ஏற்பாடு செய்தீர். மாலையில் வாளியோடு எங்கள் படியேறி, "கழுநீ இருக்காம்மா?" என்று குரல் கொடுப்பீர். அம்புஜம் மாமி முதலில் தம் பாத்திரம் உம் வாளியில் படாமல் அரையடி உயரத்திலிருந்து ஊற்றினார். பாதாம் இரண்டாம் முறை இலை உதிர்ப்பதற்குள் அந்த உயரம் குறைந்து, பிறகு பாத்திரத்தையே உம்மிடம் கொடுத்துவிட்டார். ரேஷனில் அரிசி சுருங்கிய காலத்தில், "என்னவே, மரமும் ரேஷன் கார்டு கேக்கு" என்று வந்து உட்காருவீர். சிமென்ட் பெஞ்சு போட்டிருந்தார்கள். முதுகுக்குச் சாய்மானம் இருந்தது உமக்கு நம்ப முடியாததாக இருந்தது. சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஒருத்தனும் வரலியே வே?" என்று கேட்பீர். இல்லை என்பேன். அப்படியே கொஞ்ச நேரம் தூங்குவீர். உம் தூக்கத்துக்குக் காவல் இருந்த மாலைகளில்தான், மனைவி போன பிறகு, நான் யாருக்காவது உபயோகமாக இருந்தேன்.

தோட்டம் அழகானதும் சங்கத்துக்கு அதைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. வேலி போட்டார்கள். கேட் போட்டார்கள். அந்நியர் நடமாட்டம் கூடிவிட்டதாக ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. அந்நியர் யார் என்று எழுந்து கேட்டேன். சேஷாத்ரி பொறுமையாகப் பதில் சொன்னார். "உம்ம ஃப்ரெண்டைச் சொல்லலை ஓய். பொதுவா சொன்னேன்." பொதுவாகச் சொன்னது ஏகமனதாக நிறைவேறியது, என் ஒரு கையைத் தவிர. அன்றே சங்கத்திலிருந்து விலகினேன். என் விலகலும் ஏகமனதாக ஏற்கப்பட்டது.

அடுத்தது போர்டு. மூன்று மொழியில் வேண்டும், கையெழுத்து அழகாக இருக்கவேண்டும், கூலியும் கேட்கக்கூடாது. அவர்களுக்கு உம்மைத்தான் தெரியும். உம்மிடமே வந்தார்கள். எழுதமாட்டேன் என்பீர் என்று எதிர்பார்த்து வந்தேன். நீர் கேட்டுக்கு வெளியே தகரத்தைச் சாய்த்து வைத்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தீர். இங்கிலீஷும் மராட்டியும் முடிந்துவிட்டன.

"தமிழ்ல ஒரு சந்தேகம்வே. கட்டடவாசிகளுக்கு மட்டும்னு எழுதணுமாம். கட்டடமா, கட்டிடமா?"

எனக்குத் தெரிந்தது அதுதானே. கட்டடம் என்பது கட்டியெழுப்பிய வீடு, கட்டிடம் என்றால் கட்டுகிற இடம், அந்த நிலம் என்று விளக்கினேன்.

நீர் பிரஷ்ஷை எடுத்து டப்பாவில் தோய்த்தீர்.

"அப்பம் கட்டிடம்னு எழுதிட்டா நானும் உள்ள வரலாம்லா? நிலத்தைப் பெருக்குனவன்லா நான்."

சிரித்தீர். நானும் சிரித்தேன். அப்படி எழுதியிருந்தால் எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. நீர் கட்டடம் என்றே எழுதினீர். டகரத்தின் மூலை அச்சுப்போல நின்றது. ரயில் பெட்டி நம்பரில் ஒன்றை ஏழாக எழுதாத கை அது.

என் விருந்தாளி என்று சொல்லி உம்மை அழைத்துப் போகலாம், விதியில் இடமிருந்தது. ஒருமுறை கூப்பிட்டேன். "விருந்தாளியாவா? பெருக்குன எடத்துக்கா?" என்றீர். கோபமாகச் சொல்லவில்லை. வேலிக்கு வெளியே சாக்கடையை மூடிய கல் ஒன்று இருந்தது. அதில் போய் உட்கார்ந்தீர். நானும் வந்து உட்கார்ந்தேன். சாய்மானம் இல்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் கால் தட்டியது. நீர் அங்கே தூங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் காலை உள்ளே இழுத்துக்கொண்டீர்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. தர்மாஸ்பத்திரியில் உமக்குக் கட்டில் கிடைக்கவில்லை, வராந்தாவில் பாய். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்ட்ரெச்சர் போகும்போதெல்லாம், கண்ணைத் திறக்காமலே, சுவரோரம் ஒதுங்கிக்கொண்டீர். கல்லறையில் உம் பிள்ளைகள், "அங்கிள், ஆப் பைட்டியே" என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். நல்ல பிள்ளைகள், ஹிந்திப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். உம்மைப் பற்றி அவர்களிடம் பேச என்னிடம் ஹிந்தி இல்லை.

இப்போதும் மாலையில் அந்தக் கல்லில்தான் உட்காருகிறேன். கட்டடவாசி என்பதால் உள்ளே பெஞ்சு எனக்கு உண்டு; யாரும் தடுக்கவில்லை. நீர் போன நாளிலிருந்து கல்லின் மறுபாதியில் கைக்குட்டையைப் போட்டு வைப்பேன். யாராவது கேட்டால், "ஆத்மி ஆனே வாலா ஹை", ஆள் வரப்போகிறார், என்று சொல்வேன். ரயிலில் இடம் பிடிப்பவர்கள் சொல்கிற அதே பொய். ரயிலில் அந்த ஆள் கடைசியில் வந்துவிடுவான்.

நேற்று ஒருவர் வந்து நின்றார். மண்வெட்டியும் கூடையும் வைத்திருந்தார். எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை, தமிழர் இல்லை. கேட்கக் கூசிக்கொண்டு, நிற்பதற்கும் இடமில்லாமல் நின்றார். கைக்குட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இந்த ஊரில் என்னை எல்லோரும் சார் என்கிறார்கள், அங்கிள் என்கிறார்கள், ஆப் என்கிறார்கள். நீர் என்று சொல்வதும் சொல்லக் கேட்பதும் உம்மோடு போயிற்று. வாயில் அது மட்டும் பாக்கி இருந்திருக்கிறது.

"உட்காரும்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தலை தொங்கத் தூங்கிப்போனார். போகிறவர்கள் கால் அவர்மேல் படாதபடி நான் என் காலை நீட்டி வைத்துக்கொண்டேன். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.