செத்த கிருமியையும் பிடிக்கும் டெஸ்ட்

மங்களூர், 12.9.2013

அன்புள்ள மாமிக்கு, மாதா காக்கிறதால் நாங்கள் சுகம். உங்கள் முட்டுவலி குறைஞ்சுதா?

உங்கள் மோனுக்கு மலேரியா வந்து குணமாயிட்டு, பயப்படாதீங்க. மாத்திரை முடிஞ்சபிறகு கண்ணாடியில் தேய்ச்சுப் பார்த்த ரத்தத்தில் கிருமி இல்லை. மீன்பிடி போட்டின் முதலாளி கேட்டதால் எடுத்த பிசிஆர் டெஸ்டில் மட்டும் இருக்குன்னு வந்தது. டாக்டர் சொன்னார், "அது செத்த கிருமியின் மிச்சத்தையும் பிடிக்கும். காய்ச்சல் திரும்புதான்னுதான் பார்க்கணும்." தினமும் மூணு நேரம் காய்ச்சலை அளந்து நான் எழுதின நோட்டைக் காட்டினேன். பதினொரு நாளாகக் காய்ச்சல் இல்லை. கடலுக்குப் போகலாம் என்றார்.

"ஏட்டி, உன் நோட்டு மெஷினை ஜெயிச்சிட்டு" என்று சிரிச்சுக்கொண்டு உங்கள் மோன் இன்று காலையில் போட்டில் ஏறினார். திரும்பிவரப் பத்து நாளாகும்.

ஊரிலிருந்து வாரவங்களிடம் மீன்குழம்புக்குக் குடம்புளி கொடுத்துவிடுங்க. நான் போன் பண்ணினால் சட்டென்று வைக்காதீங்க. தெர்மாமீட்டரை அவர் பையில் வைச்சிருக்கேன். எடுத்துப் பார்க்க மாட்டார் மாமி, நீங்கள் ஜெபியுங்க.

அவசரத்தில்,
லிஜா