மெல்லிய முடிக்கு ஒரு சின்ன ஹேர் டிரையர்

ஜன. 8, வெள்ளி

மூடுபனி. மலை மந்திர் மணி கேட்கிறது, கோயில் தெரியவில்லை. டைபாய்டு விட்டு மூன்று வாரம். முடி பாதிக்கு மேல் போயிற்று, மிச்சம் பஞ்சு. தலை ஈரம் தங்கினால் திரும்பக் காய்ச்சல் என்று டாக்டர் மிரட்டல். குளித்தே நாளாயிற்று. 18 திங்கள் ஆபீஸ். இந்தத் தலையோடா? 16 சனி பார்லரில் சொல்லிவிட்டேன், ஒட்ட வெட்டிவிட. இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து முகம் எடுக்காமல், "உன் இஷ்டம்."

மாலை. மாடி வீட்டு சரளா தன் ஹேர் டிரையரைக் கொடுத்தாள். குளித்தேன். பழக்க தோஷம், ஈரத் தலையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு முழுச் சூட்டில் காட்டினேன். அப்பளம் பொரிக்கிற வாசனை. சீப்பில் சுருண்ட கொத்து. உட்கார்ந்து அழுதேன். சரளா ஓடி வந்தாள். "அரே, தேல் லகாகே? எண்ணெய் போட்டு இதைக் காட்டுவியா? மதராஸி!" திட்டினாள். பிறகு கட்டிக்கொண்டாள். நல்லவள்.

ஜன. 10, ஞாயிறு

கரோல் பாக், சரளாவுடன், பஸ்ஸில். ஸ்கார்ஃபை அவிழ்க்கவில்லை. கடைக்காரர் பெரிய மிஷினையே காட்டினார், நாலு மூக்கு, ஒரு சீப்பு. சரளா கேட்காமலே என் ஸ்கார்ஃபைக் கொஞ்சம் ஒதுக்கினாள். மானம் போயிற்று. மனிதர் சிரிக்கவில்லை. பெரியதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். "பஹன்ஜி, மெல்லிய முடிக்கு இவ்வளவு சூடு ஆகாது." அலமாரியின் அடித்தட்டிலிருந்து சின்னது ஒன்று. குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது மாதிரி மணிக்கட்டில் காட்டச் சொன்னார். இதமாக இருந்தது. வாங்கிவிட்டோம். அவர் நன்றாக இருக்கட்டும்.

அவர் சொன்னவை:
- துவட்டிய பிறகுதான்
- ஒரு சாண் தள்ளி
- குறைந்த சூடு, கடைசியில் வெறுங்காற்று
- எண்ணெய் கூடாது (இது சரளா, மூன்று தடவை)

வீட்டில் இவர்: "இருக்கிற நாலு முடிக்கு மிஷினா?" விளையாட்டுதான். சுருக்கென்றது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஜன. 12, செவ்வாய்

குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்துவிட்டது. போய்ப் பார்த்தால் இவர், புது டிரையரால் பாட்டிலை உருக்கிக்கொண்டு! "சும்மா டெஸ்ட் பண்ணேம்மா." சிரித்துவிட்டேன். உடனே, "அன்னைக்குச் சொன்னது தப்பு, மனசுல வச்சுக்காத." மூன்று வாரமாக இவர்தான் கஞ்சி, துணி, மருந்து, ஆபீஸ் எல்லாம். அதை ஒருநாள்கூட எழுதவில்லையே நான்.

ஜன. 14, பொங்கல்

பொங்கலுக்குத் தலைக்குக் குளிக்காமல் எப்படி? குளித்தேன். கையைத் தூக்கினால் இன்னும் நடுக்கம். டிரையர் கையில் நிற்கவில்லை. இவர் வாங்கிக்கொண்டார். "குனி." ஒரு சாண் தள்ளி, மெதுவாக, வகிடு வகிடாக. கண்ணை மூடிக்கொண்டேன். சுகம். சட்டென்று கை நின்றது.

"வசந்தி, அசையாத."

"என்ன, கருகிருச்சா?"

"இல்ல புள்ள. முன் வகிட்டுல குட்டி குட்டியா முளைச்சிருக்கு. காத்துக்கு எந்திரிச்சு நிக்குது."

என் விரலை எடுத்து அங்கே வைத்தார். ஆமாம். குத்துகிறது.

பதினேழு வரை எண்ணினார், எண்ணிக்கை தப்பிவிட்டது, முதலிலிருந்து ஆரம்பித்தார். சரளாவிடம் சொல்லி அனுப்ப வேண்டும், சனிக்கிழமை பார்லர் வேண்டாம்.