மேற்படி கிணறு

சென்னை,
4-7-1962

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள மச்சானுக்கு,

அன்னாள் எழுதுகிறேன், நலம். நான் இங்கே வேலைக்கு வந்த கோபத்தில் ஒரு வரிகூடப் போடவில்லை நீங்கள். இதற்காவது பதில் வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து எங்கள் ஆபீசுக்குக் குடிநீர்க் கிணற்று அட்டவணை வந்தது. உங்கள் கையெழுத்து. மெஷினுக்கு ஒத்துவராமல் இரண்டாம் முறையும் திருப்பி அனுப்புகிறார்கள். மறுபடி திரும்பினால் டெம்பரவரி குமாஸ்தாவான உங்களை நிறுத்திவிடுவார்களாம்.

அதனால் கேளுங்கள். அட்டவணையில் ஒரு வரிக்கு இங்கே ஒரு கார்டு. எண்களைத் துளையாகப் போடுவோம். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு எழுதாதீர்கள்; இங்கே ஒரு புதுப் பெண் அதையும் ஓர் ஊர் என்று துளைத்துவிட்டாள். "மேற்படி" எழுதவே எழுதாதீர்கள். மெஷின் சீட்டுக்கட்டுபோல் கார்டுகளைப் பிரித்துப் போடும். எதற்கு மேலே எது இருந்தது என்று அதற்குத் தெரியாது.

நம் ஊருக்குக் கிணறு மூன்று. அடுத்த வரியில் சேரிக்கு "மேற்படி". அங்கே நான் என்ன துளைக்க?

அன்னாள்


திண்டுக்கல்,
9-7-1962

அன்னாளுக்கு,

கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்ததைப் பிரதி எடுத்தேன். இங்கே எல்லோரும் மேற்படிதான் போடுகிறோம். மூன்று என்றே துளைத்துவிடு. இந்த வேலையும் போனால் ஆத்தாளும் நானும் என்ன செய்வோம்?

ராயப்பராஜ்


சென்னை,
13-7-1962

மச்சானுக்கு,

அந்த மூன்றில் எதிலாவது நீங்கள் ஒரு வாளி இறைத்ததுண்டா? நானும் அத்தையும் குடத்தோடு தள்ளி நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்துக் கிடந்தது மறந்துபோச்சா? மூன்று துளைக்க என் கை வராது. வெறுமனே விட்டால் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சைபர் என்றால் பார்த்தோம், இல்லை என்று அர்த்தம். கார்டில் சைபருக்கும் ஒரு துளை உண்டு. எழுதி அனுப்புங்கள்.

அன்னாள்


திண்டுக்கல்,
29-7-1962

அன்புள்ள அன்னாளுக்கு,

கணக்குப்பிள்ளையிடம் போனேன். "ஏலே ராயப்பு, ஊரும் சேரியும் ஒண்ணுன்னு எழுதிருக்கேன்ல! ஒனக்குப் பெருமைதானடா?" என்று சிரித்தார்.

"அப்ப எங்காத்தாளை நாளைக்கு ஊர்க்கிணத்துல எறைக்கச் சொல்லவா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "போட்டுத் தொலை, சைபர்."

எரியோட்டுப் பக்கம் மற்ற ஊர்களுக்கும் சைக்கிளில் அலைந்தேன். எல்லாச் சேரிக்கும் அதே மேற்படி, எல்லாவற்றிலும் அதே பொய். ஆபீசர் தாளைப் பார்த்து, "என்னய்யா இம்புட்டு சைபர்?" என்றார். "இருக்கிறது அம்புட்டுத்தான் சார்" என்றேன். வேலை போச்சு என்று நினைத்தேன். செத்த நேரம் பேனாவை உருட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நீ சென்னைக்குப் போனது இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீ அங்கே இல்லாவிட்டால் மூன்று என்றே போயிருக்கும்.

ராயப்பராஜ்


சென்னை,
6-8-1962

அன்புள்ள மச்சானுக்கு,

மெஷின் ஒரு கார்டைக்கூடத் துப்பவில்லை. உங்கள் அட்டவணை இனித் திரும்பி வராது. பயந்துகொண்டேதான் இருந்தேன். நம் சேரியின் கார்டை நானே கேட்டு வாங்கித் துளைத்தேன். இதனால் நாளைக்கே கிணறு வெட்டிவிடமாட்டார்கள். ஆனால் இல்லாத மூன்றை இனி நம் தலையில் கட்ட முடியாது.

மாதா திருவிழாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு வாருங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது வாருங்கள்.

உங்கள் அன்னாள்