சக்கரத்தைப் பார்த்த சன்னல்

அனுப்புநர்:
திருமதி வினிஃப்ரெட் தர்லோ,
ஆலை வீடு, வென்லிங் கிராமம், சஃபோக்.

பெறுநர்:
பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
வென்லிங் வட்டார மன்றம்.

பொருள்: ஆலை வீட்டு மாடியில் செங்கல் வைத்து அடைத்த சன்னலைத் திறக்கும்படி வந்த உத்தரவை இரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தாங்கள் எங்கள் வீட்டைப் பார்வையிட வந்தீர்கள். நீர்ச்சக்கரத்தைப் பார்த்த சுவரின் மாடிச் சன்னல்களில் நடுவிலுள்ளதைக் காட்டி, "அழகான முகத்துல ஒரு கண்ணை மட்டும் மூடின மாதிரி இருக்கும்மா" என்றீர்கள். நான் மறுக்கவில்லை. வீட்டுச் செங்கல்லுக்கு இருநூறு வயது. சுட்ட ரொட்டியின் நிறம். இடையே மெல்லிய சுண்ணாம்புச் சாந்து. அடைப்பிலிருப்பதோ இடித்த பன்றிக்கொட்டிலின் கல்லும் விரல் தடிமனுக்குச் சிமெண்டும். அடைத்தவர் கொத்தனார் அல்ல, என் கணவர் ஆர்தர்.

2. அச்சன்னல் காற்றோட்டத்துக்காக வைத்தது என்கிறது தங்கள் உத்தரவு. அப்படியல்ல. அந்தச் சக்கரத்தால் ஓடும் எங்கள் மாவு ஆலையில் ஆர்தர் வேலையாக இருக்கும்போது, வீட்டிலிருந்து எவ்வளவு கத்தினாலும் அங்கே கேட்காது. சாப்பாட்டு வேளையில் இந்தச் சன்னலிலிருந்து வெள்ளைத் துணியை வீசிக் காட்டுவது இவ்வீட்டு வழக்கம். எங்கள் மகள் ஹெட்டி ஆறு வயதில் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். 1961 செப்டம்பரில் ஒருநாள், அப்பா கவனிக்கவில்லை என்று இன்னும் சற்று எட்டி வீசினாள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது அவள் விழுந்துகொண்டிருந்தாள். கீழே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

3. அடக்கம் முடிந்ததும் அவர் முதலில் சக்கரத்துக்குத் தண்ணீர் விடும் மதகை அடைத்தார், பிறகு சன்னலை. ஆலை அதன்பின் ஓடவில்லை.

4. சிமெண்டால் பக்கத்துக் கற்கள் உரிகின்றன என்று தாங்கள் சொன்னது உண்மை. பனிக்காலம் கழிந்தால் செங்கல் தூளை நான்தான் கூட்டி அள்ளுகிறேன். சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு வைக்க எனக்கு முழுச் சம்மதம். கல்லை மாற்றினாலும் சரி. திறக்க மட்டும் வேண்டாம்.

5. ஆர்தருக்கு இப்போது ஞாபகசக்தி போய்விட்டது. ஹெட்டி என்றால் யார் என்று கேட்கிறார். அதற்காக அழுதும் இருக்கிறேன், ஆறுதல் அடைந்தும் இருக்கிறேன். ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "வின்னி, மாடிச் சன்னல் அடைச்சிருக்கா?" என்கிறார். ஏன் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியாது. "அடைச்சிருக்குங்க" என்று நான் சொன்ன பிறகுதான் கரண்டியைத் தொடுவார்.

ஐயா, அவரிடம் நான் தினமும் பொய் சொல்கிறேன். ஆலை ஓடுகிறது என்கிறேன். அவருடைய அம்மா நாளைக்கு வருவார் என்கிறேன். இந்த ஒன்றைப் பொய்யாகச் சொல்ல என்னால் முடியாது. அவர் இருக்கும்வரையாவது அது உண்மையாகவே இருக்கும்படி தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன்.

இடம்: வென்லிங்
நாள்: 9 மார்ச் 2004

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வினிஃப்ரெட் தர்லோ